கமஞாங்கோ: தன்பாட்டு வயல்

மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியாவின் மண்டிங்கா மக்களிடம் வழங்கும் சொல் இது. குடும்பத்துக்குள் ஒருவர் தனக்கென்று பயிரிடும் நிலம், அதன் விளைச்சலைத் தானே விற்றுக் காசாக்கும் உரிமை இரண்டையும் குறிக்கும். இதன் எதிர்ச்சொல் மருவோ. அது குடும்பத் தலைவர் கையில் உள்ள வயல். அங்கே உழைப்பது எல்லோருக்கும் கடமை, விளைவது வீட்டுச் சோற்றுக்கு.

ஆணுக்கும் கமஞாங்கோ உண்டு. மேட்டு நிலத்தில் நிலக்கடலை போடுவார். பெண்களுடையது ஆற்றோரச் சதுப்பில் நெல். புதர் வெட்டிச் சதுப்பைத் திருத்தியவளுக்கே அந்த வயல் கமஞாங்கோ ஆகும். தாய்க்குப் பின் மகளுக்குப் போகும்.

தமிழில் என்ன சொல்வது? நம் பெண்கள் சேர்க்கும் 'சிறுவாடு' உடனே நினைவுக்கு வரும். ஆனால் அது பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாமல் சேர்ப்பது. கமஞாங்கோ ஊரறிந்த உரிமை. 'பெண்கள் நிலம்' என்பது இன்னும் பெரிய பிழை, காரணம் கீழே. உழைப்பால் வந்த உரிமை என்பதால் 'தன்பாட்டு வயல்' என்பதே பொருந்தும். 'பாடு' என்றால் உழைப்புதானே. மருவோவைப் 'பொதுப்பாட்டு வயல்' எனலாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பது ஜஹாலி–பச்சர் நெல் திட்டத்தில் தெரிந்தது. 1984-இல் தொடங்கிய அத்திட்டம், பம்பு வைத்து நீர் இறைத்து ஆண்டுக்கு இருபோகம் எடுக்க வந்தது. பெண்கள் போராடியதால் வயல்கள் அவர்கள் பெயரிலேயே பதிவாயின. ஆனால் வகை மருவோ ஆயிற்று! பெயர் அவளுடையது, நெல் குடும்பத் தலைவருடையது. மழைக்காலத்தோடு முடிந்த மருவோ உழைப்பு கோடைப் போகத்துக்கும் நீண்டது. நாற்று, நடவு, களை, அறுப்பு எல்லாம் இருமடங்கு. தன் வயலுக்கு நேரமும் இல்லை, வயலும் இல்லை.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் உழைப்புக்கு ஈடாக நெல்லில் பங்கு கேட்டு வாங்கினார்கள். பங்கு மறுக்கப்பட்ட இடங்களில் சிலர் குடும்ப வயலில் இறங்க மறுத்து, 'காஃபோ' என்னும் வேலைக் குழுக்களாகச் சேர்ந்து, கூலி பேசி, அதே திட்டத்தின் பிறர் வயல்களில் நடவுக்குப் போனார்கள்.