இரண்டு பெயர், ஒரு படம்: கோப்புப் பொதியில் இணைப்புகள் பிழைக்கும் விதம்

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் நாங்கள் சிலர் தைப்பூசப் படங்களைச் சேர்த்து வருகிறோம். வெள்ளி ரதம் புறப்படும் அதிகாலை முதல் தண்ணீர்மலை அடிவாரம் வரை எடுத்த ஒவ்வொரு படமும் ஆண்டு வாரியான கோப்புறையிலும் தெரு வாரியான கோப்புறையிலும் தெரியும். வட்டில் அது ஒருமுறைதான் பதிந்திருக்கும். நாங்களே எழுதிய சிறு கருவியால் தொகுப்பை ஒரே பொதியாகக் கட்டி, வேறொரு கணினியில் பிரித்தபோது, அது இரு மடங்காகப் பெருத்திருந்தது. படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு தனி நகல்களாகிவிட்டது.

இதன் காரணம் யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகள் கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையில் இருக்கிறது. கோப்பின் அளவு, அனுமதி, அது வட்டில் கிடக்கும் இடம் ஆகியவை 'ஐநோட்' என்ற எண்ணிட்ட பதிவில் இருக்கும். கோப்புறை என்பது பெயர்களுக்கு எதிரே ஐநோட் எண்களைக் குறித்து வைத்த பட்டியல் மட்டுமே. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் குறித்தால் அது ஹார்ட் லிங்க். மார்க்கெட் ஸ்திரீட் என்று கேட்டாலும் லெபோ பாசார் என்று கேட்டாலும் ஒரே தெருவுக்குத்தான் போய்ச் சேருவோம். இரண்டில் எது அசல் பெயர் என்ற கேள்விக்குக் கணினியில் இடமில்லை. எத்தனை பெயர்கள் உள்ளன என்ற எண்ணிக்கையை ஐநோட் வைத்திருக்கும். அது பூச்சியமான பிறகே, திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லையென்றால், இடம் விடுவிக்கப்படும்.

1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை அமைப்போடு பரவிய சிம்பாலிக் லிங்க் வேறு வகை. அது, பூட்டிய கடையின் கதவில் ஒட்டிய 'இன்ன முகவரிக்கு மாறிவிட்டோம்' என்ற தாளைப் போன்றது: தனக்கென ஐநோட் உடையது, உள்ளே இருப்பது ஒரு பாதையின் எழுத்துகள் மட்டுமே. அந்த முகவரியில் எதுவும் இல்லாமற் போனாலும் தாள் அப்படியே இருக்கும்.

கோப்பின் விவரத்தை இயங்குதளத்திடம் கேட்க எங்கள் கருவி 'ஸ்டாட்' அழைப்பைப் பயன்படுத்தியது. சிம்பாலிக் லிங்க் வந்தால் அது தாளைப் படித்து, சுட்டிய இடத்துக்கே போய் விவரம் கேட்கும். 'எல்ஸ்டாட்' தாளைப் பற்றிய விவரத்தையே தரும். பொதி கட்டுபவருக்கு வேண்டியது இதுதான். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த 'டார்' என்ற பொதி வடிவத்தில், இன்று ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு நிற்கிறது. அதில் வகையைக் குறிக்கும் ஒற்றை எழுத்து 1 என்றால் ஹார்ட் லிங்க், 2 என்றால் சிம்பாலிக் லிங்க். அடுத்த 100 பைட்டில் சுட்டப்படும் பெயர் வரும்.

ஹார்ட் லிங்க்கைக் கண்டறிய நாங்கள் ஓர் அட்டவணை வைத்தோம். பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கோப்பு முதன்முறை வரும்போது உள்ளடக்கத்தை எழுதி, ஐநோட் எண்ணையும் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால் முதல் பெயரைச் சுட்டும் தலைப்பு மட்டும் போதும். இதில் நாங்கள் இன்னொரு தவறு செய்தோம், அது முந்தையதைவிட ஆபத்தானது. ஐநோட் எண் ஒரு வட்டுக்குள் மட்டுமே தனித்தது. தொகுப்பின் ஒரு பகுதி வெளி வட்டில் இருந்ததால், தொடர்பில்லாத இரண்டு படங்களின் எண்கள் ஒத்துப்போய், காவடி எடுத்த ஒருவரின் படம் தேங்காய் உடைக்கும் படத்துக்கு இணைப்பாக எழுதப்பட்டது. முன்பு இடம்தான் வீணாயிற்று, இப்போது ஒரு படமே பொதியில் ஏறவில்லை. அசல் வட்டு கையில் இருந்ததால் அது பிழைத்தது. வட்டு எண்ணும் ஐநோட் எண்ணும் சேர்ந்த இணையே அட்டவணையின் திறவுகோலாக இருக்க வேண்டும்.

பிரிக்கும் வேளையில் கவனம் இன்னும் கூட வேண்டும். ஒருவர் தெருக் கோப்புறையை மட்டும் பிரிக்கச் சொன்னால், உள்ளடக்கம் ஆண்டுக் கோப்புறையின் பெயரில் இருக்கக்கூடும்; கருவி அதைத் தேடி எடுத்துத் தர வேண்டும். அந்நியர் தந்த பொதியோ, முதலில் வெளிக் கோப்புறையைச் சுட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க்கையும், பிறகு அதன் வழியாக எழுதப்படும் கோப்பையும் வைத்திருக்கலாம். வரிசையாகப் பிரித்தால் நம் கையாலேயே வெளியே எழுதிவிடுவோம். டார் பொதிகளைக் கையாளும் க்னூ டார் என்ற கருவி, முழுப் பாதையையோ மேல் கோப்புறையையோ சுட்டும் இணைப்புகளுக்குப் பதிலாக வெற்றுக் கோப்பை வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பின் உண்மையான இணைப்பை இடுகிறது. பைத்தான் நிரல்மொழியின் 'டார்ஃபைல்' தொகுதியில் இவ்வகைப் பலவீனம் 2007இலேயே பதிவானது; வெளியே சுட்டும் இணைப்பை மறுக்கும் வடிகட்டி, 2025இல் வெளிவந்த 3.14 பதிப்பில்தான் இயல்பமைப்பானது. இவ்வளவு காலம் எடுத்தது எனக்கு வருத்தமே.

சரிசெய்த கருவியால் தொகுப்பை மறுபடியும் கட்டிப் பிரித்தோம். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை ஐநோட் எண்ணோடு காட்டச் சொன்னபோது, இரண்டு கோப்புறைகளிலும் ரதத்தின் படத்துக்கு எதிரே ஒரே எண் நின்றது. பெயர் எண்ணிக்கை 2. பிறகு அதே பொதியை, ஹார்ட் லிங்க் அறியாத எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறைமை கொண்ட பென் டிரைவில் பிரித்தோம். அங்கே கருவி பிழை காட்டி நிற்காமல், நகல் எடுத்ததாக அறிவித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிற்று.