வற்றத்தில் பாறைக்குளம், ஏற்றத்தில் தூண்டில்

முட்டத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை நீளும் குமரி மேற்குக் கரையில், கடல் ஏறி வற்றும் உயரம் ஒரு மீட்டரைத் தொடுவதே அபூர்வம். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் இதுவே பத்து மீட்டரைத் தாண்டும். வெளிநாட்டுத் தூண்டில் நூல்களைப் படித்துவிட்டு, அமாவாசையா பௌர்ணமியா என்று மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். இங்கே தண்ணீர் எதுவரை வரும் என்பதில் நிலா சொல்வது பாதி. மீதியை அலை சொல்லும்.

நிலாவின் கணக்கு எளிது. 24 மணி 50 நிமிடத்துக்குள் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். இன்று இரவு 10 மணிக்கு வற்றம் என்றால் நாளை 10.50 வாக்கில். எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூர்ப் பக்கம் போனால் இதையே வேலியேற்றம், வேலியிறக்கம் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில் நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வற்றம் நன்றாக இறங்கும், பாறைப் பள்ளங்களில் கடல்நீர் தேங்கிய பாறைக்குளங்கள் திறந்து கிடக்கும். அட்டமியை ஒட்டிப் போனால் ஏமாற்றம்தான். ஒரே நாளின் இரண்டு வற்றமும் சம அளவில் இருக்காது என்பதால், கடல் ஏறி வற்றுவதைச் சொல்லும் ஓத அட்டவணையில் நேரத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். இறங்கும் வேகமும் ஒரே சீராக இருக்காது. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மொத்த உயரத்தின் பாதி இறங்கிவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 70 செ.மீ. இறங்கும் நாளில் அது வெறும் 6 செ.மீ. குளம் பார்க்க அந்த ஒரு மணி நேரமும், அதை அடுத்த அரை மணியும்தான் பொழுது.

இனி அலை. கரையில் காற்றே இல்லாத இரவிலும் அலை பெரிதாக வரலாம், ஏனென்றால் அது இங்கே பிறந்தது அல்ல. தென் இந்தியப் பெருங்கடலின் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து, ஐந்தாறு நாளில் நம் கரைக்கு வந்து சேர்கின்றன. கேரளக் கரையில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். திருடனைப்போலச் சொல்லாமல் வருவதால் அப்படி. 2012-இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. மழைக்காலத்துக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம்.

இந்த அலையின் ஆபத்து உயரத்தில் மட்டும் இல்லை, இரண்டு அலைகளுக்கு இடையிலான நொடிகளில் இருக்கிறது. 6 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீட்டர். 16 நொடி அலைக்கு அதுவே 400 மீட்டர். சரிவான கரையில் அலை மேலே ஏறும் தூரம், உயரம் மாறாதவரை, இந்த நொடிக்கணக்கை ஒட்டியே கூடும். ஒரே ஒரு மீட்டர் உயர அலைதான், 6 நொடிக்குப் பதில் 16 நொடியில் வந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மேலே ஏறி வரும். 70 செ.மீ. ஓதமெல்லாம் இதன்முன் ஒன்றுமில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பில் அலை உயரத்துக்குப் பக்கத்திலேயே இந்த நொடிக்கணக்கும் இருக்கும். 14-க்கு மேல் போனால் பாறைப் பயணத்தை அன்று விட்டுவிடுவதே மேல். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

அலைகள் கூட்டம் கூட்டமாகத்தான் வரும். நாலைந்து பெரிது, பிறகு பத்து நிமிடம் அமைதி. அந்த அமைதியில் வந்து சேர்கிறவருக்குக் கடல் குளம்போலத் தெரியும். அதனால் காய்ந்த இடத்தில் நின்று இருபது நிமிடம் பார்த்துவிட்டே பாறையில் கால் வைக்க வேண்டும். எந்த மட்டம் வரை பாறை ஈரமாக மின்னுகிறதோ, அதற்குக் கீழே பை, விளக்கு, ஆள் எதுவும் கூடாது. கறுப்பாகப் படிந்திருக்கும் பாசிதான் வழுக்குவதில் முதல். நாலு பேர் போனால் ஒருவர் தூண்டில் பிடிக்காமல் கடலையே பார்த்திருக்கட்டும். மூடி இறுக்கிய 10 லிட்டர் காலிக் கேனும் அதில் கட்டிய 15 மீட்டர் கயிறும் அவர் கையில் இருக்க வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்றக் குதிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும்.

மணல் கரையில் மீன் எங்கே நிற்கும்? அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். ஒரு மீட்டர் அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் தண்ணீர் மார்பளவு இருக்கும், அவ்வளவுதான். அங்கே மணல் திட்டு இருக்கிறது என்று அர்த்தம். திட்டைத் தாண்டிக் கரைப்பக்கம் நுரை அடங்கிக் கரு நிறமாகத் தெரியும் பட்டை பள்ளம். அலை கிளறிவிட்ட மணல் நண்டும் புழுவும் அதில்தான் சேரும். அவற்றைத் தேடிப் பாரை மீனும் கெளுத்தியும் திருக்கையும் இருட்டியதும் உள்ளே வரும். பள்ளம் கரையிலிருந்து முப்பது மீட்டரில் இருக்கும்போது நூறு மீட்டர் வீசுவது வீண் வீரம். திட்டில் ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல் நுரை கடலை நோக்கி நகர்ந்தால் அது இழுவை, ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம். அதன் ஓரம் மீனுக்கு நல்லது, காலுக்குக் கெட்டது. இதையெல்லாம் இரவில் கண்டுபிடிக்க முடியாது. மாலை வெளிச்சத்தில் மேட்டிலிருந்து பார்த்து, பள்ளத்துக்கு நேரே மணலில் ஒரு குச்சி நட்டுவிட வேண்டும்.

தூண்டில் தண்டு 12 அடி, ஈயம் 100 கிராம் என்பது இங்கே போதுமான அளவு. ஈயம் நிற்காமல் உருண்டு, தூண்டில் நரம்பு கரையோரமாக ஒதுங்குவதுதான் எல்லோரும் சொல்லும் குறை. உடனே 150 கிராம் போடுவார்கள். கோளாறு எடையில் இல்லை, நரம்பில் இருக்கிறது. 0.40 மி.மீ. தங்கூஸ் நரம்பு 60 மீட்டர் தண்ணீருக்குள் கிடந்து, நொடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் குறுக்கே அடித்தால், நரம்பின்மேல் விழும் தள்ளு ஏறக்குறைய 370 கிராம் எடைக்குச் சமம். தண்ணீருக்குள் 90 கிராமாகிவிடும் ஈயம் அதை எப்படித் தாங்கும்? பாதித் தடிமனுள்ள பின்னல் நரம்புக்கு மாறினால் தள்ளும் பாதியாகும். தண்டை நிமிர்த்தி உயரமாக நட்டால், நரம்பில் பெரும்பகுதி நுரைக்கு மேலேயே நிற்கும். உருண்டைக் குண்டைவிட, நாலு கம்பி நீட்டிய ஈயம் மணலைக் கவ்விக்கொள்ளும்.

மெல்லிய நரம்புக்கு ஒரு விலை உண்டு. வீசும் நொடியில் வரும் திடீர் இழுப்பில் அது அறும். அறுந்த ஈயம் தோட்டாபோலப் போகும், பக்கத்தில் நிற்பவர் தலைக்கும். அதனால் முனையில் 0.60 மி.மீ. நரம்பை லீடராகக் கட்டுவார்கள். நீளம் தண்டைப்போல இரு மடங்கு, அதோடு ரீலில் நாலைந்து சுற்று, ஆக எட்டு ஒன்பது மீட்டர். முடிச்சு ரீலுக்குள் இருந்தால்தான் வீச்சின் முழு வேகத்தையும் தடித்த நரம்பு வாங்கும். இரைக்குப் பாதிச் சாளை அல்லது கணவாய்த் துண்டு. சாளை மெத்தென்றிருப்பதால் வீசும்போதே முள்ளிலிருந்து கழன்று போகும். மெல்லிய ரப்பர் நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். வட்ட முள் போட்டிருந்தால் கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. மீன் திரும்பி ஓடும்போது முள் தானே வாயோரத்தில் ஏறும். வெட்டினால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும்.

கெளுத்தி முள்ளும் திருக்கை வால் முள்ளும் குத்தினால் கட்டுப் போட்டு இறுக்குவது தவறு. இந்த நஞ்சு புரதம், சூட்டில் கெடும். பொறுக்கும் அளவு சூடான, 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போகலாம். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் டீக்கு மட்டும் அல்ல.

பாறைக்குளத்துக்குச் சிவப்பு விளக்கு போதும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும், வெள்ளை வெளிச்சம் அதை ஒரு நொடியில் அழித்துவிடும். மேலிருந்து இறங்கினால் அடுக்கு தெரியும். உச்சியில் கடுகு அளவு நத்தைகள், கீழே கல்லோடு ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசு, அதற்கும் கீழே குமரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாத பழுப்புச் சிப்பி. சிப்பியை அசைத்துப் பாருங்கள், அசையாது. தன் காலிலிருந்து ஒவ்வொன்றாக நூல் வார்த்துக் கல்லில் ஒட்டியிருக்கிறது. ஈரத்திலும் பிடிக்கும் பசை, நூல் நுனியில் உள்ள புரதத்தில் இருக்கிறது. கூம்புத் தொப்பிபோல ஒட்டியிருக்கும் நத்தை இரவில் மேய்ந்துவிட்டு, தன் ஓட்டின் விளிம்புக்கேற்பத் தேய்ந்த அதே குழிக்குத் திரும்பி வரும். அந்த வகை நத்தை ஒன்றின் பல், அறிந்த உயிர்ப்பொருள்களிலேயே மிக உறுதியானது என்று 2015-இல் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் அளந்து சொன்னார்கள். பாசியைக் கல்லோடு சேர்த்துச் சுரண்டுவது சும்மாவா.

பொந்துக்குள் கை விடக் கூடாது. பாம்புபோல நீண்ட, கடிக்கும் மீனான அஞ்சாலை இருக்கும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட வேண்டாம், அது நச்சு ஊசி எறியும் இனம். கடல் அட்டை, பவளம், கடல்குதிரை மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, பையில் போட்டால் வழக்கு. புரட்டிய கல்லை அப்படியே பழையபடி வைக்க வேண்டும். அடிப்பக்கம் வாழ்பவை வெயிலில் செத்துப்போகும்.

உயரத்தில் இருக்கும் குளங்களில் இரவுக்கு மட்டும் உரிய நெருக்கடி ஒன்று உண்டு. பகலில் பாசி வெளிவிடும் ஆக்சிஜன் தண்ணீரில் தளும்பும், சின்னக் குமிழிகளாகக்கூடத் தெரியும். இருட்டியதும் பாசியும் மூச்சு விடத்தான் செய்யும், ஆக்சிஜன் தராது. அலை எட்டாத சிறு குளத்தில் இருப்பு மணிக்கு மணி கரையும், கரியமிலவாயு ஏறித் தண்ணீர் அமிலப்பக்கம் சாயும். பின்னிரவில் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் சிறு மீன்கள் மேற்பரப்பில் வாயை வைத்து நிற்பதும், இறால்கள் விளிம்பில் பாதி வெளியே ஏறியிருப்பதும் தெரியும். அவை வேடிக்கை பார்க்க வரவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. ஏற்றத்தின் முதல் அலை விளிம்பைத் தாண்டி ஒரு கை தண்ணீர் ஊற்றியதும் மீன்கள் அடியில் இறங்கிவிடும். உங்களுக்கும் அதுதான் அடையாளம். குளத்தை விட்டு மேலேறி, மணல் பக்கம் நட்ட குச்சிக்கு நேரே தூண்டிலை வீசலாம்.