பட்டி தண்ணீர் குடிக்கும்

ஆல்டோ, மாருதி 800, சான்ட்ரோ மாதிரியான சின்னக் கார்கள் பெயின்ட் வேலைக்கு வந்தால் அடிபட்ட இடம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று இடது முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), மற்றொன்று கதவின் அடிவிளிம்பு. ஃபெண்டரில் இருப்பது யாரோ உரசிவிட்டுப் போனது. கதவடியில் இருப்பது உள்ளேயிருந்து வந்த துரு. இரண்டுக்கும் ஒரே வேலை செய்தால் இரண்டாவது கண்டிப்பாகத் திரும்பி வரும்.

கதவின் கீழ்ப்பக்கத்தில் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்கு அந்த அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. மண்ணும் சருகும் சேர்ந்து அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மடிப்புக்குள்ளேயே தேங்கி நிற்கும். வெளியே தெரிகிற கொப்புளம் மிளகளவுதான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினால் பொத்தென்று உள்ளே போகும். அதன்மேல் தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் ஒரு ஐப்பசி மழையைக்கூடத் தாங்காது. அழுகிய தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வெல்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் அதே நிறத்தில் நல்ல பழைய கதவு கிடைக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். கிடைத்துவிட்டால் பெயின்ட் செலவே இல்லை. பெயின்ட் வேலை செய்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்!

ஃபெண்டர் சமாச்சாரம் வேறு. தகடு சும்மா நசுங்கியிருக்கிறது, உரசிய இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருக்கிறது என்றால், கம்பெனியில் போட்ட அடிப்பூச்சு எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு நல்லது. கம்பெனிப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் தகட்டை ஒட்டிய முதல் அடுக்கு, பாடியை அப்படியே தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றியது. அதற்கு ஈடான பூச்சை எந்தப் பட்டறையிலும் திரும்பப் போட முடியாது. கிரைண்டரை எடுத்து ஃபெண்டர் முழுவதையும் வெள்ளித் தகடாக்கிவிட்டு ‘சுத்தமாச் செஞ்சுட்டோம்’ என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். தகடு தெரிந்த இடத்தில் எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அன்றைக்கே ஏற வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இரவெல்லாம் திறந்து கிடந்த தகட்டில் காலையில் செம்பழுப்பு படிந்திருக்கும்.

இனி பட்டி. பெயின்ட் வேலை கெட்டுப்போனதாக வருகிற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

இப்போது பயன்படுத்தும் பாலியெஸ்டர் பட்டி நூறு கிராமுக்கு ஹார்டனர் (பட்டியை இறுக வைக்கும் பசை) இரண்டு கிராம். தராசு வைத்து யாரும் கலப்பதில்லை, கண்ணளவுதான். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். குறைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். ‘சீக்கிரம் காயட்டும்’ என்று கூடுதலாகப் பிதுக்கினால், ஹார்டனரில் மிஞ்சிய பெராக்ஸைடு சில வாரம் கழித்து வெள்ளைக் காரின் பெயின்ட் வழியாக மஞ்சள் கறையாக மேலே வரும். கலந்தபின் கையில் இருப்பது நான்கைந்து நிமிடம். சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். பட்டியின் கனம் இரண்டு, மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் தேவைப்படுகிறது என்றால் டிங்கரிங் (தகட்டைத் தட்டி நேராக்கும் வேலை) சரியில்லை, தகட்டை இன்னும் எடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

காய்ந்த பட்டியைத் தேய்ப்பதில்தான் விவகாரம். நம் ஊர்ப் பட்டறைகளில் வாட்டர் பேப்பரைப் பக்கெட்டில் முக்கி முக்கித் தேய்ப்பது பழக்கம். தூசி பறக்காது, பேப்பரும் நீடிக்கும், கை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பட்டியில் பெரும் பங்கு டால்க் பவுடர். அது தண்ணீரைப் பஞ்சுபோலக் குடிக்கும். அரை மணி நேரத்தில் மேற்பரப்பு காய்ந்துவிடும், தொட்டால் வறண்டிருக்கும். உள்ளே போன தண்ணீர் தகட்டருகே தங்கியிருக்கும். அதன்மேல் பிரைமர், கலர், கிளியர் (நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சு) என்று மூன்று மூடி போட்டாயிற்று, வெளியேற வழியில்லை. மதிய வெயிலில் நிறுத்திய காரின் தகடு கை வைக்க முடியாத அளவு சுடும்போது அந்த ஈரம் ஆவியாகி மேலே தள்ளும். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து, கடுகு தாளித்ததுபோலப் பொடிப்பொடியாகக் கொப்புளம். ஊசியால் குத்திப் பார்த்தால் அடியில் துருக்கோடு. வாடிக்கையாளர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார், பெயின்டர் வெயிலைத் திட்டுவார்.

காரை விடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அண்ணே, பட்டியைத் தண்ணியிலயா தேய்ப்பீங்க, டிரையிலயா?’ அந்தப் பதிலிலேயே பட்டறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சரியான முறை: காய்ந்த பட்டியை 80, பிறகு 180, பிறகு 320 நம்பர் பேப்பரில், கட்டை வைத்து, உலர்வாகத் தேய்ப்பது. வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் அலையலையாக நிற்கும், கருப்புக் காரில் டியூப் லைட் பிம்பத்தில் அது நன்றாகத் தெரியும். இடையில் கருப்புப் பெயின்டை மூடுபனிபோல ஒரு தூவல் தூவிவிட்டுத் தேய்த்தால், கருப்பு போகாத இடமெல்லாம் பள்ளம். சர்ஃபேசர் (பட்டியின்மேல் அடிக்கும் சமன்பூச்சு) ஏறி இறுகிய பிறகு 600, 800 நம்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், தப்பில்லை. தேய்க்கும்போது சர்ஃபேசர் கிழிந்து பட்டி தெரிந்தால் மட்டும் தண்ணீரை உடனே நிறுத்திவிடுங்கள்.

கார் ஏற்கெனவே ஒருமுறை பெயின்ட் பார்த்ததா? செகண்ட் ஹேண்ட் வண்டியென்றால் இது முக்கியம். மறைவான இடத்தில், கதவின் உள்விளிம்பில், தின்னர் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், தின்னரில் கரையும் ரகம். அதன்மேல் நேராக 2கே, அதாவது ஹார்டனர் கலந்த பெயின்ட், அடித்தால் அதிலுள்ள தின்னர் அடிப்பூச்சைக் கரைத்து, சுருங்கிய கிழவன் தோல்போலத் தூக்கிவிடும். இதே துணிச் சோதனையை வேலை முடிந்து பத்து நாள் கழித்தும் செய்யலாம். பி.யூ. (பாலியூரித்தேன், 2கே ரகம்) பெயின்டுக்குக் காசு வாங்கிவிட்டு என்.சி. அடித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நிற எண் பெரும்பாலும் என்ஜின் அறையில் இருக்கும் தகட்டில் அச்சாகியிருக்கும். மாருதியின் சூப்பீரியர் ஒயிட்டுக்கு 26யு. எண்ணை மட்டும் நம்பிக் கலந்து அடிக்கக் கூடாது, ஏழெட்டு வருட வெயிலில் காரின் நிறம் இறங்கியிருக்கும். ஒரு அட்டையில் அடித்து, கிளியரும் போட்டு, வெயிலில் ஒருமுறையும் நிழலில் ஒருமுறையும் கதவோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையை எப்படியும் சமாளிக்கலாம். சில்வர்தான் ஆளைக் கொல்லும். ஈரமாக அடித்தால் கருக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும், கலவை ஒன்றேயானாலும். அதனால் சில்வர் ஃபெண்டர் என்றால் பக்கத்துக் கதவின் பாதிவரை கலரைக் கரைத்துக் கொண்டுபோய், கதவு முழுவதுக்கும் கிளியர் அடிப்பதே வழக்கம். பில்லில் இரண்டு பேனல் இருந்தால் அது ஏமாற்று இல்லை.

வீட்டிலேயே அடிக்க முடியுமா? முடிகிற வேலையும் உண்டு, கூடாத வேலையும் உண்டு. பம்பர் மூலை, கல் தெறித்த புள்ளி இவற்றுக்கு 400 மில்லி ஸ்ப்ரே கேன் போதும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் அடித்தால் கார் வாஷ் பிரஷரில் தோலாக உரிந்து வரும். பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கும் டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் அடிக்காதீர்கள். சிலிகான் ஒரு துளி பட்டிருந்தாலும் பெயின்ட் அங்கே மீன்கண்போல வட்டமாக விலகி நிற்கும். சாதாரண கேன் கிளியர் பெட்ரோல் பட்டால் கரையும், பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் வேண்டாம்.

ஹார்டனர் கலந்த 2கே கிளியரை வீட்டு வாசலில் அடிக்கவே கூடாது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நாற்றம் தெரிவதற்கு முன்பே கெடுதல் செய்துவிடும். உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி காற்றில் பட்டாலே ஆஸ்துமாபோல மூச்சிரைக்கும், அது திரும்பப் போகாது. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் இதற்குத் தடையே இல்லை. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடிதான் பாதுகாப்பு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கும் பெயின்டர்களை இன்றும் பார்க்கிறோம், அவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

தவிரவும், வீட்டுக் கம்ப்ரஸர் ஒரு ஹெச்.பி. என்றால் பெரிய ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று போதாது. பாதிக் கதவில் அழுத்தம் இறங்கி, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலாகும். ஐப்பசி, கார்த்திகையில் டேங்கில் சேரும் தண்ணீர் பெயின்டோடு கலந்து வரும், வேலைக்கு முன் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். கோடையில் இதற்கு நேர்மாறு. வேகத் தின்னர் போட்டு வெயிலில் அடித்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் ஊசித் துளைகளாக வெடிக்கும். ஸ்லோ தின்னர், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே பத்து நிமிடம், அதிகாலை நேரம்.

வண்டியை எடுத்த பிறகு ஒரு வாரம் தண்ணீர் அடிக்காதீர்கள், ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம். கிளம்புமுன் மிஞ்சிய கலரில் ஹார்டனர் கலக்காத 50 மில்லியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கேட்டு வாங்கி, கலவைச் சீட்டையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த பைக் ஓட்டுபவர் உரசும்போது அட்டையில் அடித்துப் பார்க்கிற வேலை மிச்சம்.