அபாயச் சரக்கு ஏற்றிய லாரிகள்: கசிவைத் தடுக்க விதிகள் என்ன சொல்கின்றன?

பெட்ரோல், அமிலம், அமோனியா, திரவ எரிவாயு போன்றவற்றை ஏற்றிச் செல்லும் லாரி நெடுஞ்சாலையில் கவிழ்ந்தால், பழி முதலில் ஓட்டுநர் மீதே விழுகிறது. ஆனால் இத்தகைய போக்குவரத்துக்கென வகுக்கப்பட்ட விதிகளைப் படிப்பவர்களுக்கு, அவற்றில் பெரும்பகுதி வண்டி புறப்படுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவற்றைப் பற்றியது என்பது விரைவில் புலப்படும். சரக்கை அனுப்புபவர், தொட்டியை நிரப்புபவர், வாகனத்தின் உரிமையாளர், ஓட்டுநர் என ஒவ்வொருவர் மீதும் விதிகள் தனித்தனிக் கடமைகளைச் சுமத்துகின்றன.

இந்த விதிகளுக்கு அடிப்படை ஐ.நா. நிபுணர் குழுவின் மாதிரிப் பரிந்துரைகளாகும். 1956இல் முதலில் வெளியான இவை, அட்டையின் நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்று அழைக்கப்படுகின்றன. இவை தாமாகவே சட்டமாகிவிடுவதில்லை. நாடுகள் தத்தம் சட்டங்களிலும் உடன்படிக்கைகளிலும் சேர்த்துக்கொள்ளும்போதே கட்டாயமாகின்றன. சாலைப் போக்குவரத்தைப் பொறுத்தவரை அப்படி உருவான முக்கியமான உடன்படிக்கை, அபாயச் சரக்குகளைப் பன்னாட்டுச் சாலைகளில் கொண்டுசெல்வதற்கான ஏடிஆர் (ADR). இது 1957 செப்டம்பர் 30 அன்று ஜெனீவாவில் கையெழுத்தாகி, 1968 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது திருத்தப்படுகிறது. கீழே வரும் அளவுகள் ஏடிஆர் விதிகளின்படி தரப்பட்டவை. பிற நாடுகளின் விதிகளில் எண்கள் மாறலாம் என்றாலும், வகைப்பாடு பெரும்பாலும் ஒன்றே.

முதல் கடமை சரக்கை அனுப்புபவருடையது. வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், நச்சு, அரிக்கும் பொருள் என ஒன்பது வகுப்புகளில் தம் சரக்கு எதில் அடங்கும் என்பதையும், அதற்குரிய நான்கு இலக்க ஐ.நா. எண்ணையும் அவர் சரியாகக் குறித்து, போக்குவரத்து ஆவணத்தில் எழுதித் தர வேண்டும். பெட்ரோலின் எண் 1203, டீசலுக்கு 1202, கந்தக அமிலத்துக்கு 1830. தொட்டியின் வகை, வண்டியின் தகுதி, உடன் எடுத்துச் செல்ல வேண்டிய கருவிகள் ஆகிய அனைத்தும் இந்த எண்ணைப் பொறுத்தே முடிவாவதால், இதில் நேரும் பிழையை அதற்குப் பின் வரும் எந்தக் கவனமும் சரிசெய்துவிடாது.

வண்டியில் காணப்படும் 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட ஆரஞ்சுப் பலகையின் கீழ்ப்பாதியில் இருப்பது இந்த எண்தான். மேல்பாதியில் உள்ள எண் அபாயத்தின் தன்மையைச் சொல்கிறது. 3 என்பது தீப்பற்றும் திரவம். அதே இலக்கம் இரட்டித்து 33 என்று வந்தால் எளிதில் தீப்பற்றும் தன்மை மிகுதி என்று பொருள். எண்ணுக்கு முன் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால், அந்தப் பொருள் தண்ணீருடன் சேர்ந்து ஆபத்தான வினை புரியும் என்பதால், நல்லெண்ணத்தில் எவரும் அதன் மீது தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது.

கசிவையும் கவிழ்தலையும் தடுப்பதில் மிக அதிகம் பேசப்பட வேண்டியது நிரப்பும் அளவு. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினின் கடற்கரைச் சாலையில், புரோப்பிலீன் என்ற தீப்பற்றும் வாயுவைத் திரவமாக்கி ஏற்றிச் சென்ற ஒரு டேங்கர் லாரி லோஸ் அல்ஃபாகேஸ் என்ற முகாம் மைதானத்தின் அருகே வெடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 19 டன் மட்டுமே ஏற்றத்தக்க அந்தத் தொட்டியில் 23 டன்னுக்கு மேல் நிரப்பப்பட்டிருந்தது. வெயிலில் சூடேறி விரிவடையும் திரவத்துக்குத் தொட்டிக்குள் இடம் இல்லாவிட்டால் அழுத்தம் தாறுமாறாக உயரும். அந்தத் தவறு சாலையில் நிகழ்ந்ததன்று, ஆலையின் நிரப்பு நிலையத்தில் நிகழ்ந்தது. பின்னர் அலட்சியத்துக்காகத் தண்டனை பெற்றவர்களும் தொடர்புடைய நிறுவனங்களின் ஊழியர்களே.

அளவுக்கு மீறி நிரப்புவதைப் போலவே அரைகுறையாக நிரப்புவதும் ஆபத்து என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழி இங்கே அப்படியே இயற்பியலாகிவிடுகிறது. பாதி நிறைந்த தொட்டியில் திரவம் வளைவில் ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியைச் சாய்க்கிறது. பிரேக் போடும்போது முன்னோக்கிப் பாய்ந்து தள்ளுகிறது. ஆகவே, உள்ளே 7,500 லிட்டருக்கு மிகாத பகுதிகளாகத் தடுப்புகளாலோ அலைத்தடுப்புத் தகடுகளாலோ பிரிக்கப்படாத தொட்டியில், திரவத்தின் அளவு கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலோ 20 விழுக்காட்டுக்கு மிகாமலோ இருக்க வேண்டும் என்பது பொது விதி. மிகக் கெட்டியான சில திரவங்களுக்கு விலக்கு உண்டு. வழியில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டு மீதியுடன் கிளம்பும் வண்டிகளில்தான் இந்த விதி அதிகம் மறக்கப்படும் என்று நினைக்கிறேன்.

தொட்டியின் அமைப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. அடியில் திறப்புள்ள பல வகைத் தொட்டிகளில், ஒன்றையொன்று சாராத மூன்று அடைப்புகள் வரிசையாக இருக்க வேண்டும்: உள்ளே ஒரு வால்வு, வெளியே ஒரு வால்வு, கடைசியில் ஒரு மூடி. மோதலில் வெளிக்குழாய் முறிந்தாலும் உள்வால்வு சரக்கைப் பிடித்து நிறுத்தும் என்பதே இதன் நோக்கம். பின்புறத்தில் மோதல் தடுப்புக் கம்பி, தொட்டியின் பின்சுவரிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். வண்டியில் நிலையாகப் பொருத்திய தொட்டிகளுக்கு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச் சோதனையும், இடையில் மூன்று ஆண்டுகளில் இன்னொரு சோதனையும் உண்டு. நிரப்பி முடித்தபின் எல்லா மூடிகளும் கசிவின்றி அடைபட்டிருப்பதை நிரப்பியவர் சரிபார்க்க வேண்டும். தொட்டியின் வெளிப்புறத்தில் சரக்கு ஒட்டியிருக்கவும் கூடாது.

ஓட்டுநருக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். சான்றிதழ் ஐந்து ஆண்டுகள் செல்லும். டேங்கர் ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி தேவை. நான்கு பக்க எழுத்துவழி அறிவுறுத்தல், பயணத்துக்கு முன்பே வண்டியில் செல்வோர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். அதில் கூறப்படும் கருவிகளில், தீப்பற்றும் அல்லது அரிக்கும் திரவங்களுக்கு ஒரு மண்வாரி, ஒரு வடிகால் மூடி, ஒரு சேகரிப்புக் கலன் ஆகியவையும் அடங்கும். சாலையில் சிந்தும் திரவம் சாலையோர வடிகால் வழியே ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் சென்றுவிடுவதால், அந்த மூடி விலை குறைந்ததாயினும் மிகவும் பயனுள்ளது. தீயோ ஆவியோ அச்சுறுத்தாத நிலையில் மட்டுமே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் விலகிச் சென்று அவசர சேவைக்குத் தகவல் கொடுப்பதே ஓட்டுநரின் கடமை. சுரங்கப் பாதைகள் கட்டுப்பாட்டின் கடுமைக்கேற்ப ஏ முதல் ஈ வரை (A–E) ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், செல்லும் வழியையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

சரக்கை இறக்கிவிட்ட வண்டி ஆபத்தற்றது என்று கருதுவது பரவலான தவறு. காலியான பெட்ரோல் தொட்டியில் எஞ்சும் ஆவி காற்றுடன் கலந்து வெடிக்கக்கூடியது. ஆகவே, தொட்டியைக் கழுவி ஆவி நீக்கும்வரை ஆரஞ்சுப் பலகையும் வகுப்புச் சின்னங்களும் அப்படியே இருக்க வேண்டும். மூடிகளும் சரக்கு இருந்தபோது அடைத்ததைப் போலவே அடைபட்டிருக்க வேண்டும்.