மே மாதத்தில் நட்ட பூண்டு

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 73 வயது. யாழ்ப்பாணத்தில் வெங்காயம் போட்டுப் பழகிய கை. போன வருடம் மே மாதம், குளிர் முழுதாக விட்ட பிறகு, வீட்டுப் பின்வளவில் ஒரு பாத்தி கட்டி உள்ளி நட்டிருக்கிறார். (நான் பூண்டு என்றே எழுதுகிறேன், இரண்டும் ஒன்றுதான்.) இலை நன்றாகவே வந்தது. ஆகஸ்டில் பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வெங்காயம் மாதிரி உருண்டையாக, பல் பிரியாமல் ஒரே கட்டியாக இருந்தது. "உரம் காணாதோ?" என்று அப்பா கவலைப்பட்டாராம். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் இத்தாலியத் தாத்தா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் முன்னால் தன் அத்தி மரத்தை வளைத்துக் குழியில் படுக்கவைத்து மண்ணால் மூடுகிறவர். அவர் பாத்தியைப் பார்த்துவிட்டு விரலை ஆட்டி "அக்டோபர், அக்டோபர்" என்று மட்டும் சொன்னாராம். ஏன் அக்டோபர் என்பதுதான் வாசகியின் கேள்வி.

தாத்தா சொன்னது சரி. உரத்தில் குறையில்லை. அந்தப் பூண்டு குளிர்காலத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாம் நடும் ஒவ்வொரு பல்லும் ஒரு மொட்டு. அது முளைத்து இலை விட்டபின், இலைகளின் கக்கத்தில் புது மொட்டுகள் தோன்றிப் பருத்தால் அவைதான் அடுத்த தலைமுறைப் பற்கள். அந்த மொட்டுகள் ஒழுங்காகத் தோன்றுவதற்கு, செடி முன்பே சில வாரங்கள் குளிரில் இருந்திருக்க வேண்டும். உறைநிலைக்குச் சற்று மேலிருந்து 10 டிகிரி வரைக்குமான குளிர் அதற்குத் தோது. அப்புறம் கோடையில் பகல் நீளும்போது கிழங்கு திரளும். குளிரே படாத பூண்டுக்கும் நீண்ட பகல் வந்துசேரும், கிழங்கும் திரளும்; ஆனால் பக்க மொட்டுகள் இல்லாததால் நடுமொட்டு மட்டும் உருண்டு நிற்கும். நம் ஊரில் ஒற்றைப் பூண்டு, ஒரு பல் பூண்டு என்று தனி விலை வைத்து, இருதயத்துக்கு நல்லது என்று விற்பார்களே, அப்படி ஒன்று உருவாக இதுவும் ஒரு வழி. அதில் தனியாக ஒரு மருந்து ஊறியிருக்கிறது என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நசுக்கினால் வருவது மற்றப் பூண்டில் வரும் அதே அல்லிசின் என்ற வேதிப்பொருள்தான்.

வடக்கே இருக்கும் முதிய தோட்டக்காரர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். வருடத்தின் மிகக் குறுகிய பகலில் நடு, மிக நீண்ட பகலில் பிடுங்கு என்று இங்கிலாந்தில் ஒரு வழக்கு உண்டு. டொராண்டோவில் டிசம்பர் 21 வாக்கில் தரை இறுகிப்போயிருக்கலாம், மண்வெட்டி இறங்காது. அதனால் அங்கே அக்டோபர் நடுவில் நடுகிறார்கள். வேர் கொஞ்சம் ஓடட்டும், பிறகு மேலே வைக்கோலோ உதிர்ந்த இலையோ போட்டு மூடிவிடலாம் என்பது கணக்கு. ஜூனில் பூந்தண்டு சுருண்டு வரும், அதை ஒடித்துச் சமைப்பார்கள். ஜூலை கடைசிக்குள் பூண்டு கைக்கு வந்துவிடும்.

பனிக்காலத்துக்கு முன்பே விதைக்கும் குளிர்காலக் கோதுமை, ரை என்ற தானியம், முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. குளிர் பட்டால்தான் பூக்கும். 1918இல் ஜெர்மனியின் குஸ்டாவ் காஸ்னர், முளைவிட்ட குளிர்கால ரை விதையைச் சில வாரம் குளிரில் வைத்து வசந்தத்தில் விதைத்தாலும் அது அதே ஆண்டில் கதிர் விடும் என்று காட்டினார். அது வரைக்கும் எளிய விஷயம். சிக்கல் இனிமேல்தான்.

செடியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அக்டோபரில் நாலு நாள் குளிர் அடிக்கும், பிறகு ஒரு வாரம் இளவெயில் வரும். "ஆகா, பனிக்காலம் போய்விட்டது" என்று ஏமாந்து பூவெடுத்தால் அடுத்த உறைபனியில் எல்லாம் கருகும். ஆகவே குளிரை உணர்ந்தால் போதாது, எத்தனை வாரம் குளிர்ந்தது என்று எண்ணவும் வேண்டும். எண்ணியதைக் குளிர் போன பிறகும், வசந்தம் வரும்வரை மறக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். மூளை இல்லை, நரம்பு இல்லை. குளிரின்போது இருந்த செல்களில் பல, வசந்தத்துக்குள் பிரிந்து பிரிந்து வேறு செல்களாகிவிடும். எங்கே எழுதிவைப்பது?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் நார்விச்சில் ஜான் இன்ஸ் மையத்தில் 1988 முதல் ஆய்வு செய்துவரும் கரோலின் டீன். எடுத்துக்கொண்ட செடி அரபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்தில் ஒரு சாண் உயரக் களை. யாரும் சமைப்பதில்லை, விற்பதில்லை. அதில் எஃப்எல்சி என்றொரு மரபணு, பூக்க விடாமல் பிரேக் போட்டு வைத்திருக்கிறது. குளிர் நீள நீள அந்தப் பிரேக் தளர்கிறது. முழுக்கத் தளர்ந்தபின் வசந்த வெயிலும் நீளும் பகலும் சொன்னால் செடி பூக்கும். கோதுமையில் வேலை செய்வது வேறு மரபணுக்கள், பூண்டு வேறு குடும்பம். ஆனாலும் எண்ணுவது எப்படி என்ற புதிரை மூலக்கூறு வரை பிரித்துப் பார்த்தது இந்தக் களையில்தான்.

முதலில் எண்ணும் இடம். குளிரில் வின்3 என்ற புரதம் மெதுவாக, வாரக்கணக்கில் கூடுகிறது. எஃப்எல்சியை மூடுவதற்கு, அதாவது பிரேக்கைத் தளர்த்துவதற்கு, இது வேண்டும். ஏன் இது இவ்வளவு மெதுவாகக் கூடுகிறது? குளிர்ந்த ஒரு மணி நேரத்திலேயே பல மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றனவே? 2020இல் டீனும் அவருடன் சேர்ந்து வேலை செய்யும் இயற்பியலாளர் மார்ட்டின் ஹோவர்டும் குழுவினரும் ஒரு விடை தந்தார்கள். படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன்.

வின்3ஐ எழுப்புவதற்கு என்டிஎல்8 என்று இன்னொரு புரதம் வேண்டும். அது சட்டென்று சிதையாது, நீண்ட நாள் நிலைக்கும். வெயில் காலத்திலும் செடி அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் வெயிலில் செடி வேகமாக வளர்கிறது, செல்கள் பெருகுகின்றன, இருக்கும் புரதம் எல்லாவற்றிலும் பங்கு போகிறது. விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கும் வீட்டில் ரசத்தில் தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருப்போம் இல்லையா, அப்படி. எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டிப்படாது. குளிர் வந்ததும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. விருந்தாளி வரத்து நின்றது. ரசம் நாளுக்கு நாள் கெட்டிப்படுகிறது. என்டிஎல்8 போதுமான அளவு சேர்ந்ததும் வின்3 எழுகிறது.

செடிக்குள் தனியாக ஒரு கடிகாரம் தேவைப்படவில்லை. குளிரால் செடி மந்தமாகிறது, அந்த மந்தமே நாட்களை எண்ணுகிறது. நடுவில் வெயில் வந்தால் வளர்ச்சி கூடும், புரதம் மறுபடி நீர்த்துப்போகும். அக்டோபரின் நாலு நாள் குளிருக்குச் செடி ஏமாறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது நினைவு. இங்கேதான் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. பிரேக் பாதி தளர்ந்தது என்றால் ஒவ்வொரு செல்லிலும் பாதி தளர்ந்தது என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. 2011இல் வந்த ஆய்வில், எஃப்எல்சி வேலை செய்யும் இடமெல்லாம் நீலமாகத் தெரியும்படி ஒரு சாயத்தைக் கோத்துக் குளிர்பட்ட வேர்களைப் பார்த்தார்கள். வெளிர்நீலமாக எல்லாச் செல்லும் மங்கவில்லை. சில செல்கள் முழு நீலம், பக்கத்துச் செல் வெள்ளை. ஒரு செல்லில் அந்த மரபணு திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும், நடுநிலை கிடையாது. குளிர் வாரங்கள் கூடக் கூட மூடிய செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வொரு செல்லும் ஓர் ஓட்டுப் போடுகிறது. வாக்கு எண்ணிக்கைதான் குளிர்காலத்தின் நீளம்.

2015இல் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒரு செல்லுக்குள் எஃப்எல்சிக்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டையும் இரு வேறு நிறத்தில் ஒளிரவைத்தபோது, ஒரே செல்லில் ஒன்று மூடியும் மற்றது திறந்தும் இருந்ததைக் கண்டார்கள். செல் பிரிந்தபோது சேய்ச்செல்களும் அதே நிலையைப் பெற்றுக்கொண்டன. நினைவு செல்லின் சாற்றில் கரைந்திருந்தால் இரண்டு பிரதியும் ஒன்றுபோல நடந்திருக்கும். அப்படி நடக்கவில்லை என்றால் நினைவு அந்த இழையிலேயே, அந்த இடத்திலேயே இருக்கிறது.

டிஎன்ஏ சும்மா தொங்கும் நூல் அல்ல என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டுகளில் சுற்றிக்கொண்டு இருக்கும். குளிரில், எஃப்எல்சியின் தொடக்கப் பகுதியில் இரண்டு மூன்று கண்டுகளில் மட்டும் "மூடு" என்று ஒரு வேதிக் குறி விழுகிறது. குளிர் போனபின் அந்தக் குறி பக்கத்துக் கண்டுகளுக்கும் பரவி மரபணு முழுவதையும் மூடுகிறது. செல் பிரிந்து டிஎன்ஏ இரண்டாகும்போது குறி விழுந்த பழைய கண்டுகள் இரு இழைக்கும் பங்காகப் போகும், இடையில் புதுக் கண்டுகள் குறியில்லாமல் வந்து உட்காரும். வாசலில் போட்ட புள்ளிக்கோலத்தில் பாதிப் புள்ளி மிதிபட்டு அழிந்தாலும் மீதியைப் பார்த்துப் பழகிய கை நிரப்பிவிடும் அல்லவா? இங்கும் பழைய குறிகளைப் படிக்கும் ஒரு புரதக் கூட்டம் புதியவற்றிலும் அதே குறியை இடுகிறது. பிரிவு தோறும் இது நடக்கிறது. அப்படித்தான் பனிக்கால நினைவு மே மாதம் வரை உயிரோடு இருக்கிறது.

ஆனால் விதை உருவாகும்போது குறிகள் எல்லாம் அழிக்கப்பட்டுப் பிரேக் மறுபடி போடப்படும். தாய் பார்த்த குளிர்காலம் பிள்ளைக்குச் செல்லாது. அது தன் குளிரைத் தானே எண்ண வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சோவியத் நாட்டில் திரோஃபிம் லைசென்கோ இந்தக் குளிரூட்டலை வைத்தே பெயர் எடுத்தார். உக்ரைனில் இவருடைய அப்பா நனைத்த குளிர்காலக் கோதுமையைச் சாக்கில் கட்டிப் பனியில் புதைத்து, 1929 வசந்தத்தில் விதைத்தார். அதில் தவறே இல்லை, காஸ்னர் காட்டியதுதான். லைசென்கோ அங்கே நிற்கவில்லை. குளிர் கொடுத்த குணம் பரம்பரையாக வரும், குளிர்காலக் கோதுமையை நிரந்தரமாக வசந்தக் கோதுமையாக்கலாம் என்றார். மரபியலை மறுத்தார், ஆட்சி அவர் பக்கம் நின்றது. அவரை எதிர்த்த மரபியலாளர், உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த நிகோலாய் வவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சரடோவ் சிறையில் இறந்தார். சரியான ஒரு கவனிப்பின்மேல் சோதிக்காத நம்பிக்கையை ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு களை எப்போது பூக்கும் என்று பார்ப்பதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் பணம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் என்ன லாபம் என்று கேட்கும் நிதிக்குழுவிடம் இந்த ஆய்வு பிழைத்திருக்காது. இன்று பனிக்காலங்கள் மாறிவருகின்றன. எந்தக் கோதுமைக்கு, எந்த முட்டைக்கோசுக்கு எத்தனை வாரக் குளிர் போதும் என்பது பல நாடுகளின் சோற்றுக் கேள்வி. வட ஸ்வீடனில் எடுத்த அரபிடாப்சிஸ், தெற்கில் இருப்பதைவிடக் கூடுதல் வாரக் குளிர் கேட்கிறது. அந்த வேறுபாட்டின் பெரும்பங்கு இதே எஃப்எல்சியில்தான் இருக்கிறது. பொறுமையாகப் பணம் போட்டதால் நம்மிடம் இந்த அறிவு இருக்கிறது. நம் ஆய்வுக்கூடங்களுக்கும் அந்தப் பொறுமை கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, ஸ்கார்பரோ அப்பாவுக்கு வருவோம். அக்டோபரில் வெளியே இறங்கி வேலை செய்வது அவருக்கும் நல்லது. டொராண்டோவைப் போலவே வடக்கில் இருக்கும் பாஸ்டனில், நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை என்று 1988இலேயே அளந்திருக்கிறார்கள். வயது ஏறினால் தோலின் திறன் குறையும், நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். அதனால் பனிக்காலத்தில் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தோட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். குனிந்து நடும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய மெத்தைத் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஈர மண் சில்லென்று இருக்கும்.

வசந்தத்தில்தான் நடுவேன் என்றால் பற்களைக் காகிதப் பையில் போட்டு ஆறு எட்டு வாரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மண் இளகியதும் நடலாம். ஃபிரீசரில் வேண்டாம், அந்தக் குளிரில் எண்ணிக்கை நடக்காது, பல்லும் கெட்டுவிடும்.

போன வருடம் கிடைத்த அந்த ஒற்றைப் பூண்டுகள் மிச்சம் இருந்தால் குழம்பில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் நன்றாகப் பருத்த ஒரு மொட்டு. அக்டோபர் நடுவில், இரண்டு அங்குல ஆழத்தில், முனை மேலே பார்க்க, ஒரு சாண் இடைவெளியில் புதைத்து இலையால் மூடச் சொல்லுங்கள். அடுத்த ஜூலையில் பல் பிரிந்த பூண்டாக வரும். முதல் தலையை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுங்கள்.