பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால்

வகுத்தல் என்பது பெருக்கலைப் பின்னோக்கிச் செய்வது. 12-ஐ 3-ஆல் வகுக்கும்போது, 3-ஐ எதனால் பெருக்கினால் 12 வரும் என்று கேட்கிறோம். 4 என்ற ஒரே எண் அதற்குப் பொருந்துவதால்தான் அதை ஈவு என்கிறோம். 6 ÷ 0 என்பதில், பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் 6 வராது. ஆகவே விடையே இல்லை. 0 ÷ 0 என்பதன் சிக்கல் இதற்கு நேர்மாறானது. 1, 7, −25 என எந்த எண்ணைப் பூச்சியத்தோடு பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், எல்லா எண்களுமே விடையாகும் தகுதியைப் பெற்றுவிடுகின்றன.

அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, இதுவே விடை என்று விதித்துவிடலாகாதா? கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் அப்படித்தான் செய்தார். விடை பூச்சியம் என்றார். பூச்சியத்தையும் ஓர் எண்ணாகக் கொண்டு கணக்கு விதிகளை வகுத்த அப்பெருமகனின் இந்த விதி ஏன் நிலைக்கவில்லை என்பதைப் பின்னங்களின் கூட்டலே காட்டிவிடும். 0/0-இன் மதிப்பு 'க' எனக் கொண்டு, அதனுடன் 1/1-ஐக் கூட்டுவோம். குறுக்கே பெருக்கிக் கூட்டினால் தொகுதி 0×1 + 1×0, அதாவது 0. பகுதி 0×1, அதுவும் 0. கூடுதல் மீண்டும் 0/0 ஆகிவிடுவதால், க + 1 = க என்றாகிறது. பூச்சியம் உட்பட எந்த எண்ணும் இதற்கு உடன்படாது.

கணினிகள் பின்பற்றும் ஐஇஇஇ 754 தரநிலை, மிதவைப் புள்ளி எண்களில் (பின்னப் பகுதியையும் கொள்ளும்படி கணினி சேமிக்கும் எண்களில்) இவ்வகுத்தல் நேரும்போது 'எண் அன்று' எனப் பொருள்படும் தனிக்குறியைத் தருகிறது. அக்குறி தனக்குத்தானே கூடச் சமமாகாது.

இனி, தொகுதியும் பகுதியும் பூச்சியமாகவே இல்லாமல், இரண்டும் பூச்சியத்தை நெருங்கிச் செல்லும் நிலையைப் பார்ப்போம். என் கருத்தில் இதுவே இப்பொருளின் உயிர்நாடி. 'த' சுருங்கச் சுருங்க, 2த/த எப்போதும் 2 ஆகவே இருக்கிறது; த²/த பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது; த/த³ எல்லையின்றிப் பெருகுகிறது. இதனால்தான் நுண்கணிதத்தில் 0/0-ஐத் தேறப்பெறாத வடிவம் என்கின்றனர். வகைக்கெழு முழுவதும் இவ்வடிவத்தின் மீதே கட்டப்பட்டது: ஓர் எண்ணின் வர்க்கம் 3 என்ற இடத்தில் மாறும் வீதத்தைக் காண, (3 + த)² − 9 என்பதைத் 'த'-வால் வகுக்கிறோம்; த = 0 என்று நேராக இட்டால் 0/0 வரும், ஆனால் முதலில் சுருக்கினால் 6 + த என்றாகி, எல்லை, அதாவது 'த' சுருங்கச் சுருங்க நெருங்கும் மதிப்பு, 6 எனத் தெளிவாகிறது. 1696-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லோபிதாள் தம் நூலில் வெளியிட்ட விதியும் இத்தகைய எல்லைகளைக் காணவே உதவுகிறது. 0/0 என்ற வகுத்தலுக்கு அது மதிப்பு எதையும் தருவதில்லை.