சீசன்: விதைப்பில் முளைத்த சொல்

"குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சா?" ஜூன் பிறந்தால் தென்காசிப் பக்கம் உறவினர் இருக்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. இங்கே சீசன் என்றால் சாரலும் அருவியில் தண்ணீரும். சென்னை சபாக்களில் டிசம்பர் சீசன், சந்தையில் மாம்பழ சீசன். அதே சொல்தான் தொலைக்காட்சியில் "இந்தியன் ஐடல் சீசன் 12" என்றும் வருகிறது. அருவிக்கும் பாட்டுப் போட்டிக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? போட்டியின் சீசனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இலத்தீனில் 'சாட்டியோ' என்றால் விதைத்தல். பழைய பிரெஞ்சில் அது விதைக்கும் காலத்தைக் குறித்து, ஆங்கிலத்துக்கு வந்தபின் ஆண்டின் எந்தப் பருவத்துக்கும் பொதுப்பெயர் ஆனது. நாடகமும் இசை நிகழ்ச்சியும் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நடந்ததால் அந்த மாதங்களும் சீசன் ஆயின. அப்புறம் வானொலி, தொலைக்காட்சி. பிரிட்டனில் இன்றும் தொலைக்காட்சி சீசனைத் 'தொடர்' என்ற பொருள்படும் சொல்லாலேயே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

விதைக்கும் காலத்துக்கு நம்மிடமும் ஒரு சொல் உண்டு: பட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதில் வரும் பட்டம். சீசனின் மூல அர்த்தத்துக்கு இவ்வளவு அருகில் வேறு தமிழ்ச்சொல் இல்லை. ஆனால் போட்டியில் ஜெயித்தவருக்குக் கொடுப்பதும் பட்டம்தானே. "12ஆம் பட்டத்தில் பட்டம் வென்றார்" என்று எழுதினால் குழம்பிப் போகும். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

சிலர் 'சுற்று' என்று எழுதுகிறார்கள். அது தவறு. குரல்தேர்வுச் சுற்று, இறுதிச்சுற்று என்று ஒரே சீசனுக்குள் பல சுற்றுகள் உண்டு. 'பாகம்' சினிமாவுக்குப் போய்விட்டது. 'தொடர்' என்றால் நமக்கு நெடுந்தொடர் நினைவுக்கு வருகிறது.

சரியான சொல் பருவம். "பருவத்தோடு ஒட்ட ஒழுகல்" என்று வள்ளுவர் காலமறிதலில் சொல்வது ஏற்ற காலத்தை. பிள்ளைத்தமிழில் காப்பு முதல் பத்துப் பருவங்கள். அங்கே அது வளர்ச்சியின் ஒரு கட்டம். காலம், கட்டம் இரண்டும் சேர்ந்ததுதானே ஒரு சீசன்? பருவம் என்றால் வயதுக்கு வருவதுதான் நினைவுக்கு வருகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் அட்டையில் 'முதல் பருவம்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து எந்தக் குழந்தையும் குழம்பவில்லை.

இந்தியன் ஐடல் 2004இல் தொடங்கியது. முதல் பருவத்தை வென்றவர் அபிஜீத் சாவந்த். நான்காம் பருவத்தில் திரிபுராவின் சௌரபி தேவ்வர்மா வென்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 12ஆம் பருவம் 2020 நவம்பரில் தொடங்கி 2021 ஆகஸ்ட் 15 வரை ஓடியது. இறுதிச்சுற்று மட்டுமே ஏறக்குறைய 12 மணி நேரம்! பவன்தீப் ராஜன் கோப்பையை வாங்கும்போது நள்ளிரவு. ஏறத்தாழ ஒன்பது மாதம் நீள்வதைப் பருவம் எனலாமா என்றால், ஆங்கிலச் சொல்லுக்கும் அதே சங்கடம்தான். இங்கே கணக்கு மாதத்தில் இல்லை. ஒரு கூட்டம் பாடகர்கள் வந்து, ஒருவர் வென்று முடிவதில் இருக்கிறது.

எண்ணிக்கையில் ஒரு கவனம் வேண்டும். 2012இல் ஆறாம் பருவம் முடிந்து, பெரியவர்களுக்கான அடுத்த போட்டி 2016இல் ஒன்பதாம் பருவமாக வந்தது. இடையில் 2013, 2015 ஆண்டுகளில் நடந்த இரண்டு சிறுவர் போட்டிகளையும் சேர்த்து எண்ணியதால் வந்த தாவல் அது.

எழுதும்போது 'பருவம் 12' என்பதைவிட '12ஆம் பருவம்' இயல்பு. பத்தாம் வகுப்பு, இரண்டாம் ஆட்டம் என்றுதானே சொல்கிறோம்.